கன உலோகங்களைத் தாங்கும் தாவரங்கள்: பிணைப்புப் புரதங்களின் பங்கு

காட்மியம், பாதரசம், ஈயம் ஆகியவற்றால் நிலத் தாவரங்களுக்கு அறியப்பட்ட பயன் எதுவும் இல்லை. செம்பும் துத்தநாகமும் இல்லாமல் தாவரம் வாழாது. ஆனால் அளவு மிஞ்சினால் அவையும் நஞ்சாகின்றன. வேர் இவற்றைப் பிரித்தறிந்து வேண்டாதவற்றை வெளியே நிறுத்திவிட முடிவதில்லை. இரும்பும் மாங்கனீசும் துத்தநாகமும் நுழையும் வழிகளிலேயே காட்மியமும் நுழைகிறது. ஆர்செனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனேட் பாஸ்பேட்டின் வழியைப் பிடித்துக்கொள்கிறது. இன்னொரு வடிவமான ஆர்செனைட், நெல்லில் சிலிக்கான் செல்லும் வழியில் போகிறது. அந்த வழிகளை அடைத்தால் தாவரம் பட்டினி கிடக்க நேரும். ஆகவே நஞ்சு உள்ளே வருவதை முற்றிலும் தடுக்க முடியாத நிலையில், வந்த பின் செல் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பதே உயிரியலாளர்கள் முன் நிற்கும் கேள்வி.

உள்ளே வந்த உலோக அயனி பல வகைகளில் கேடு செய்கிறது. காட்மியமும் பாதரசமும் புரதங்களின் கந்தக முனைகளைப் பற்றிக்கொண்டு அவற்றின் வடிவத்தைக் குலைக்கின்றன. நொதிகளில் துத்தநாகம் இருக்கவேண்டிய இடத்தைக் காட்மியம் பிடித்துக்கொள்கிறது. கட்டற்ற செம்பு, ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்களை உருவாக்கிச் சவ்வுகளைச் சிதைக்கிறது. கந்தகத்தின் மீது இந்த உலோகங்களுக்கு உள்ள ஈர்ப்பே பாதிப்புக்கும் காரணம், பாதுகாப்புக்கும் காரணம். கந்தகம் நிறைந்த ஏதேனும் ஒரு மூலக்கூறு முன்னதாகவே உலோகத்தைப் பிடித்துவிட்டால் நொதிகள் தப்பிக்கும். அந்த மூலக்கூறு எது, அது மட்டும் போதுமா என்பது பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாக வெவ்வேறு விடைகள் தரப்பட்டுவருகின்றன.

புரதங்களுக்கு முந்தைய விளக்கங்கள்

உலோகம் மிகுந்த மண்ணில் தனி வகைச் செடிகள் வளர்வதைச் சுரங்கத் தொழிலாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஜெர்மனியின் ஆகன் பகுதியில், துத்தநாகத் தாது கிடக்கும் நிலத்துச் செடிகளின் இலைகளில் அந்த உலோகம் பெருமளவில் இருப்பதை 1885-இல் பௌமன் அளந்து காட்டினார். தாங்குதிறன் மரபுவழிப்பட்ட பண்பு என்பது பின்னர் தெளிவானது. 1952-இல் ஏ. டி. பிராட்ஷா, வேல்ஸ் நாட்டு ஈயச் சுரங்கக் கழிவில் வளர்ந்த அக்ராஸ்டிஸ் புல்லை, அருகிலிருந்த மேய்ச்சல் நிலத்தின் அதே இனப் புல்லுடன் ஒப்பிட்டார். கழிவு மண்ணில் முதலாவது செழித்தது. இரண்டாவதால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சில மீட்டர் தொலைவுக்குள்ளேயே இயற்கைத் தேர்வு இரு வேறு கூட்டங்களை உருவாக்க முடியும் என்பதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. மிமுலஸ் என்ற கலிபோர்னியச் செடியில் செம்பைத் தாங்கும் பண்பைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுவே தீர்மானிக்கிறது என்று 1983-இல் மெக்னேர் முடிவுக்கு வந்தார்.

ஆனால் அந்த மரபணு என்ன செய்கிறது என்பது இருட்டாகவே இருந்தது. வேரின் செல்சுவர் உலோகத்தைத் தன்னிடமே நிறுத்திவைக்கிறது என்றனர் சிலர். கரிம அமிலங்கள் பிணைத்துக்கொள்கின்றன என்றனர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருந்தது. ஆனால் செல்சுவர் தாங்கும் செடிக்கும் உண்டு, தாங்காத செடிக்கும் உண்டு. வேறுபாட்டை அதைக்கொண்டு மட்டும் விளக்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் விலங்குகளில் கண்டறியப்பட்ட ஒரு புரதம் தாவரவியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது.

குதிரைச் சிறுநீரகமும் கோதுமைக் கருவும்

1957-இல் மார்கோஷஸ், வாலி இருவரும் குதிரையின் சிறுநீரகப் புறணியிலிருந்து காட்மியம் பிணைந்த ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தனர். சில ஆண்டுகளில் அதற்கு மெட்டலோதயோனின் என்ற பெயர் நிலைத்தது. அறுபத்துச் சொச்ச அமினோ அமிலங்களே கொண்ட சிறு புரதம். அவற்றில் இருபது சிஸ்டீன். அந்த இருபது கந்தக அணுக்களும் சேர்ந்து துத்தநாகம் அல்லது காட்மிய அயனிகள் ஏழைப் பிடித்துவைக்கின்றன. பூஞ்சைகளிலும் இத்தகைய புரதம் இருப்பது தெரியவந்தபோது, தாவரங்களிலும் இது இருந்தே தீரும் என்ற எதிர்பார்ப்பு பிறந்தது.

அந்த எதிர்பார்ப்பு கொஞ்சம் அவசரப்பட்டது. காட்மியம் ஊட்டிய செடிகளின் சாற்றை மூலக்கூறு அளவின்படி பிரித்தபோது, உலோகத்தோடு சேர்ந்து வந்த சிறிய கந்தகப் பொருளையெல்லாம் மெட்டலோதயோனின் என்றே 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பலர் எழுதினர். அவற்றில் பெரும்பாலானவை வேறொரு வகை மூலக்கூறுகள் என்பது பின்னர்தான் புலப்பட்டது. ஐயத்துக்கு இடமில்லாத முதல் தாவர மெட்டலோதயோனின் உலோகம் தேடாதவர்களின் கையில் கிடைத்தது. முளைக்கத் தொடங்கிய கோதுமைக் கருவில் சிஸ்டீன் நிறைந்த ஒரு புரதத்தை 1983-இல் ஹான்லி-பவுடோயினும் லேனும் விவரித்தனர். அது துத்தநாகத்தைப் பிணைக்கும் மெட்டலோதயோனின் என்று 1987-இல் லேன் குழு உறுதி செய்தது. கோதுமையில் அதன் வேலை நஞ்சை முறிப்பதாகத் தோன்றவில்லை, விதைக்கான துத்தநாகத்தைச் சேமிப்பதாகவே தோன்றியது. பின்னாளில் தாவர மெட்டலோதயோனின்கள் பற்றி உருவான கருத்துக்கு இந்தக் குறிப்பு முன்னோடி. அன்று அது அதிகம் கவனிக்கப்படவில்லை.

மரபணுவில் நேரடியாக எழுதப்படாத பெப்டைடு

1985-இல் மியூனிக்கைச் சேர்ந்த கிரில், வின்னாக்கர், சென்க் ஆகியோர் சர்ப்பகந்தா செடியின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, காட்மியம் சேர்த்து, உள்ளே உருவான பொருளைத் தனியே எடுத்தனர். கிடைத்தது புரதம் அல்ல, குட்டிப் பெப்டைடுகளின் ஒரு தொகுதி. காமா-குளுட்டாமைல்-சிஸ்டீன் என்ற இணை இரண்டிலிருந்து பதினொன்று முறை வரை தொடர்ந்து, கடைசியில் ஒரு கிளைசினோடு முடியும் சங்கிலி அது. அதற்கு அவர்கள் பைட்டோகெலேட்டின் என்று பெயரிட்டனர். பிளவு ஈஸ்ட்டில் இதே வகைப் பெப்டைடுகளை ஜப்பானிய ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் முன்பே கண்டு, கேடிஸ்டின் என்ற பெயரில் விவரித்திருந்தனர்.

இந்தச் சங்கிலியில் ஒரு வேதியியல் விசேஷம் உண்டு. குளுட்டாமிக் அமிலம் அடுத்த அமினோ அமிலத்தோடு வழக்கமான ஆல்ஃபா கார்பன் வழியாக இணையாமல், பக்கவாட்டிலுள்ள காமா கார்பன் வழியாக இணைகிறது. ரைபோசோம் இப்படி இணைப்பதில்லை. எனவே இது மரபணுவிலிருந்து நேரடியாகப் படித்தெடுக்கப்படும் புரதமாக இருக்க முடியாது. ஒரு நொதி செய்து தருவதாகத்தான் இருக்கவேண்டும். 1989-இல் அதே மியூனிக் குழு அந்த நொதியின் செயல்பாட்டை சைலீன் செடியின் செல்களில் கண்டது. செல்லில் எப்போதும் ஏராளமாக இருக்கும் குளுட்டாதயோன்தான் அதன் மூலப்பொருள். ஒரு குளுட்டாதயோனிலிருந்து கிளைசினை வெட்டிவிட்டு, மிச்சத்தை இன்னொன்றோடு ஒட்டுகிறது நொதி. இப்படியே சங்கிலி நீள்கிறது.

இதன் கட்டுப்பாட்டு முறை குறிப்பிடத்தக்கது. நொதி செல்லில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. உலோகம் வந்ததும் சில நிமிடங்களில் பைட்டோகெலேட்டின் உருவாகத் தொடங்குகிறது, புதிதாக மரபணு இயங்கவேண்டிய தேவை இல்லை. உருவான பெப்டைடு கட்டற்ற உலோகத்தை எல்லாம் பிடித்து முடித்ததும் நொதியின் வேகம் தானே அடங்கிவிடுகிறது. நொதியை இயக்குவது தனி உலோக அயனி மட்டுமல்ல, உலோகத்தைச் சுமந்த குளுட்டாதயோனே அதன் உண்மையான உணவு என்ற விளக்கத்தை வட்டமானியுக் முதலியோர் 2000-இல் முன்வைத்தனர். காட்மியம், வெள்ளி, பாதரசம், செம்பு, ஈயம், துத்தநாகம், ஆர்செனிக் எனப் பலவும் இந்த நொதியைத் தூண்டுகின்றன. ஆனால் தூண்டும் திறமும், உருவான பெப்டைடு அந்த உலோகத்தை உண்மையில் கட்டிப்போடும் திறமும் ஒன்றல்ல. துத்தநாகமும் நிக்கலும் தூண்டலாம், அதனாலேயே செடி அவற்றிலிருந்து காக்கப்படுகிறது என்று ஆகிவிடாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

சான்று: நொதி இல்லாத செடிகள்

ஒரு பொருள் உலோகத்தோடு சேர்ந்து காணப்படுவது, அது பாதுகாக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அப்பொருள் இல்லாத செடி என்னவாகிறது என்று பார்க்கவேண்டும். இதைச் செய்தவர்கள் ஆஸ்திரேலியாவின் காபெட், அமெரிக்காவின் கோல்ட்ஸ்பரோ ஆகியோரின் குழுக்கள். அராபிடாப்சிஸ் செடியில் சடுதிமாற்றங்களைத் தூண்டி, காட்மியத்தைத் தாங்காத வரிசைகளைப் பொறுக்கியெடுத்தனர். 1995-இல் அறிவிக்கப்பட்ட கேட்-1 வரிசையில் குளுட்டாதயோன் இயல்பாக இருந்தது. பைட்டோகெலேட்டின் மட்டும் உருவாகவில்லை. கேட்-2 வரிசையில் குளுட்டாதயோன் உற்பத்தியே குறைந்திருந்தது. இரண்டும் மிகக் குறைந்த காட்மியத்திலேயே வாடின.

1999-இல் மூன்று குழுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி, ஏறக்குறைய ஒரே நேரத்தில் அந்த நொதியின் மரபணுவைப் பிடித்தன. கேட்-1 செடியில் பழுதானது அதே மரபணுதான். கோதுமையின் மரபணுவை ஈஸ்ட்டில் செலுத்தியபோது ஈஸ்ட்டின் காட்மியத் தாங்குதிறன் கூடியது. அதே மரபணுவை ஒத்தவை வட்டப்புழுவிலும் சில நுண்ணுயிர்களிலும் இருப்பது அதன்பின் தெரியவந்தது.

காட்மியம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றைப் பொறுத்தவரை இந்தச் சான்று உறுதியானது. செம்பைப் பொறுத்தவரை நொதி இழந்த செடி சற்றே அதிகம் பாதிக்கப்படுகிறது, துத்தநாகத்திலும் விளைவு மிதமானதே. அந்த மிதமான விளைவிலும் பொருள் உண்டு: துத்தநாகம் மிகும்போது அதைச் சமன்செய்வதில் பைட்டோகெலேட்டினுக்குப் பங்கிருப்பதாக 2009-இல் வந்த ஜெர்மன் ஆய்வொன்று காட்டியது.

பிடித்த பின் எங்கே வைப்பது

உலோகத்தைக் கட்டுவது பாதி வேலைதான். செல்லின் சைட்டோபிளாசத்தில் தங்கும் கட்டு, பி.எச். மாறினாலோ வேறு மூலக்கூறு குறுக்கிட்டாலோ அவிழக்கூடும். நிலையான தீர்வு, கட்டைச் செல்லின் சேமிப்பறையான வாக்குவோலுக்குள் தள்ளிப் பூட்டுவது. பிளவு ஈஸ்ட்டில் இந்த வேலையைச் செய்யும் கடத்திப் புரதம் 1990-களிலேயே அறியப்பட்டது. வாக்குவோலுக்குள் பைட்டோகெலேட்டினும் காட்மியமும் சல்ஃபைடையும் சேர்த்துக்கொண்டு பெரிய, இன்னும் உறுதியான கட்டாகின்றன. ஈஸ்ட்டில் இவை நுண்ணிய காட்மியம் சல்ஃபைடு படிகங்களாகவே அமைவதை 1989-இல் டேமரன் முதலியோர் காட்டினர்.

தாவரத்தின் கடத்தியைக் கண்டுபிடிக்க மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. 2010-இல் கொரிய, சுவிஸ் ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸில் ஏ.பி.சி.சி-1, ஏ.பி.சி.சி-2 என்ற இரு கடத்திகளை அடையாளம் கண்டனர். இரண்டையும் இழந்த செடியில் பைட்டோகெலேட்டின் குறைவின்றி உருவாகிறது. ஆனாலும் ஆர்செனிக்கைத் தாங்க முடியவில்லை. காட்மியமும் பாதரசமும் அதே கதைதான் என்று 2012-இல் உறுதியானது. இந்தத் துறையில் மிக முக்கியமான சோதனைகளுள் ஒன்றாக இதைக் கருதலாம். பிணைப்பு மட்டுமே பாதுகாப்பு என்ற பழைய எண்ணத்தை இது நேரடியாக மறுத்தது.

பைட்டோகெலேட்டின் வேரிலேயே தங்கிவிடுவதுமில்லை. வேரில் உருவானது தண்டுக்கு ஏறக்கூடும் என்பதை 2003-இல் ஒரு சோதனை காட்டியது. கடுகினத்துச் செடி ஒன்றின் ஃபுளோயச் சாற்றில் அது கணிசமாக இருப்பதை 2008-இல் இன்னொரு சோதனை காட்டியது. ஃபுளோயம் போகும் இடம் விதை. எனவே நஞ்சைக் கட்டிவைக்கும் பொருளே நஞ்சைத் தூக்கிச் செல்லவும் கூடும். நெல்லைப் பற்றிப் பேசும்போது இது முக்கியமாகிறது.

சுரங்கத் தாவரங்கள் எழுப்பிய மறுப்பு

1985-இல் பைட்டோகெலேட்டின் கண்டறியப்பட்டபோது, பிராட்ஷாவின் புல்லுக்கும் மெக்னேரின் மிமுலஸுக்கும் விடை கிடைத்துவிட்டதாகப் பலர் நம்பினர். காட்மியத்துக்குப் பழக்கப்பட்ட தக்காளி செல்கள் அதிகப் பைட்டோகெலேட்டினைச் செய்கின்றன என்ற செய்தி நம்பிக்கையை வலுப்படுத்தியது. ஆனால் ஆம்ஸ்டர்டாமில் ஷாட், எர்ன்ஸ்ட் ஆகியோரின் குழு சுரங்க நிலத்து சைலீன் செடிகளையும் சாதாரண நிலத்து சைலீன்களையும் அருகருகே அளந்தபோது வேறு படம் கிடைத்தது. ஒரே அளவு காட்மியத்தில், தாங்கும் செடி அதிகம் செய்யவில்லை, குறைவாகவே செய்தது. குளுட்டாதயோன் உற்பத்தியை ஒரு மருந்தால் முடக்கியபோதும் சுரங்கச் செடியின் கூடுதல் தாங்குதிறன் போய்விடவில்லை. 2002-இல் அக்குழு பல செடிகளையும் பல உலோகங்களையும் ஒருங்கே ஆராய்ந்து, காட்மியம், துத்தநாகம், நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவற்றுக்கான மிகைத் தாங்குதிறனைப் பைட்டோகெலேட்டினால் விளக்க முடியாது என்றது. ஆர்செனேட் மட்டும் விதிவிலக்காக நின்றது.

அப்படியானால் சுரங்கச் செடியைக் காப்பது எது? இன்று கிடைக்கும் வலுவான விடை கடத்திப் புரதங்களில் இருக்கிறது. அராபிடாப்சிஸ் ஹாலெரி என்ற ஐரோப்பியச் செடி துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இலையில் குவித்துவைக்கும். அதில் எச்.எம்.ஏ-4 என்ற கடத்தியின் மரபணு மும்மடங்காகி, ஒவ்வொன்றும் மிகத் தீவிரமாக இயங்குவதை ஹானிகென் முதலியோர் 2008-இல் காட்டினர். அக்கடத்தியை முடக்கியபோது துத்தநாகம் இலைக்கு ஏறவில்லை. இத்தகைய செடிகளின் முதிர்ந்த இலைகளில் காட்மியம் பெரும்பாலும் ஆக்சிஜன் அணுக்களோடு, அதாவது கரிம அமிலங்களோடும் செல்சுவரோடும் இணைந்திருப்பதையும், கந்தகத்தோடு இணைந்தது சிறுபங்கே என்பதையும் எக்ஸ்-கதிர் நிறமாலை ஆய்வுகள் காட்டின. நியூ கலிடோனியாவின் ஒரு மரத்தில் பால்போன்ற சாறே நிக்கலால் நீலப் பச்சையாக இருக்கிறது. அங்கும் பிணைப்பது சிட்ரேட்தான். அலிஸ்ஸம் செடிகளில் நிக்கலை ஏற்றிச் செல்வதில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்துக்குப் பங்குண்டு என்று 1996-இல் கிரேமர் முதலியோர் எழுதினர். ஆர்செனிக்கைக் குவிக்கும் டெரிஸ் விட்டேட்டா என்ற பெரணியிலும்கூட, குவிந்த ஆர்செனிக்கில் மிகச் சிறு பகுதியே பைட்டோகெலேட்டினோடு இருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு ரீதியான காரணமும் சொல்லப்படுகிறது. உலர் எடையில் ஒரு சதவீதம் வரை துத்தநாகம் சேர்க்கும் இலை, அத்தனையையும் கந்தகப் பெப்டைடால் கட்டவேண்டுமானால் அதற்கு வேண்டிய கந்தகமும் நைட்ரஜனும் தாங்க முடியாத செலவாகும். சிட்ரேட்டும் மாலேட்டும் மலிவு. இது ஏற்கத்தக்க வாதம். ஆயினும் நேரடியாகச் சோதித்து நிறுவுவது கடினம்.

ஆகவே 'தாங்குதிறன்' என்று ஒரே பெயரில் பேசப்பட்டது இரண்டு வேறு பண்புகள் என்று பிரித்துக்கொள்வதே சரி. ஒன்று, எல்லாத் தாவரங்களுக்கும் உள்ள அடிப்படைத் தற்காப்பு. பைட்டோகெலேட்டின் இதற்கு இன்றியமையாதது. மற்றது, சில கூட்டங்கள் மட்டும் பெற்ற மிகைத் தாங்குதிறன். அதற்குப் பைட்டோகெலேட்டின் பொதுவாகக் காரணம் அல்ல. 1990-களின் விவாதத்தில் இரு தரப்பும் பல இடங்களில் வெவ்வேறு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தன.

மெட்டலோதயோனின்: மறு மதிப்பீடு

பைட்டோகெலேட்டினின் புகழில் மெட்டலோதயோனின் சில காலம் மங்கியது. ஆனால் மரபணு வரிசைகள் குவியத் தொடங்கியதும், எல்லாப் பூக்கும் தாவரங்களிலும் இதன் மரபணுக்கள் பல இருப்பது தெரிந்தது. சிஸ்டீன்கள் அமைந்திருக்கும் வரிசையை வைத்து இவை நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன. முதல் வகை வேரிலும், இரண்டாவது இலையிலும், மூன்றாவது பழுக்கும் கனியிலும், நான்காவது விதையிலும் மிகுதி என்பது பொதுவான போக்கு. விதிவிலக்குகள் நிறைய உண்டு. விலங்கின் மெட்டலோதயோனினில் சிஸ்டீன் பகுதிகள் அடுத்தடுத்து நெருங்கி நிற்கின்றன. தாவரத்தின் முதல் மூன்று வகைகளில் அவற்றுக்கு நடுவே நீண்ட, சிஸ்டீனற்ற இணைப்பு இருக்கிறது. இந்த இணைப்பு பிரித்தெடுக்கும்போது எளிதில் அறுபடுகிறது; சிஸ்டீன்களோ காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. தாவர மெட்டலோதயோனின் பற்றிய அறிவு பெரும்பாலும் மரபணுவிலிருந்தும், பாக்டீரியாவில் செய்தெடுத்த புரதத்திலிருந்தும் வந்ததற்கு இதுவே காரணம். அமைப்பு முழுமையாக அறியப்பட்டவை மிகச் சில. கோதுமைக் கருவின் புரதம் ஆறு துத்தநாக அயனிகளை இரு கொத்துகளில் பிடிப்பது அவற்றுள் ஒன்று.

இவை உலோகத்தைப் பிடிக்கும் என்பதில் ஐயம் இல்லை. தனது மெட்டலோதயோனினை இழந்த ஈஸ்ட்டில் அராபிடாப்சிஸின் மரபணுவைச் செலுத்தியபோது அது செம்பைத் தாங்கியது என்று 1994-இல் சௌவும் கோல்ட்ஸ்பரோவும் காட்டினர். அடுத்த ஆண்டு மர்ஃபியும் டைஸும், அராபிடாப்சிஸின் வெவ்வேறு நிலப்பகுதி வகைகளில் செம்புத் தாங்குதிறனும் இரண்டாம் வகை மெட்டலோதயோனினின் இயக்கமும் ஒருசேரக் கூடிக் குறைவதைக் கண்டனர். செம்பைத் தாங்கும் சைலீனிலும் அதே வகை மரபணு மிகையாக இயங்கியது. ஆனால் கலப்பினப் பரம்பரையில் பின்தொடர்ந்தபோது, அது முதன்மைத் தாங்குதிறன் மரபணுவாக இல்லாமல், அதன் விளைவைக் கூட்டும் துணை மரபணுவாகவே தெரிந்தது.

சடுதிமாற்றச் செடிகள் தந்த விடை இன்னும் அடக்கமானது. 2008-இல் கோல்ட்ஸ்பரோவின் குழு அராபிடாப்சிஸின் மெட்டலோதயோனின்களை ஒன்றன்பின் ஒன்றாக முடக்கியது. செடிகள் இயல்பாகவே வளர்ந்தன. உலோகத்தால் பெரிதும் பாதிக்கப்படவுமில்லை. பைட்டோகெலேட்டினும் இல்லாத பின்னணியில் முடக்கியபோதுதான் காட்மியத்திலும் செம்பிலும் கூடுதல் பாதிப்பு வெளிப்பட்டது. அதாவது மெட்டலோதயோனின் இரண்டாம் வரிசைக் காவல். மூப்படையும் இலையிலிருந்து செம்பை மீட்டு விதைக்கு அனுப்புவதிலும், விதையில் துத்தநாகத்தைச் சேர்ப்பதிலும் அதன் பங்கு இதைவிடத் தெளிவாகத் தெரிகிறது. நெல்லில் ஆக்சிஜனின் வீரியமிக்க வடிவங்களை உறிஞ்சி அணைப்பதும் அதன் வேலைகளுள் ஒன்று என்று 2004-இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. தாவர மெட்டலோதயோனினை முதன்மையாக அவசிய உலோகங்களின் பங்கீட்டாளராகக் காண்பதே இன்றைய சான்றுகளுக்குப் பொருந்துகிறது. கோதுமைக் கரு ஆய்வு 1987-லேயே சுட்டிய திசையும் அதுதான்.

தமிழகத்துக்கு நன்கு தெரிந்த ஒரு செடியும் இந்த ஆய்வில் இடம்பெற்றிருக்கிறது. சென்னையின் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் சீமைக் கருவேலத்திலிருந்து மெட்டலோதயோனின்களின் மூன்று வடிவங்களைப் பிரித்து, உலோகங்களைப் பிணைப்பதில் அவை ஒன்றுபோல் இல்லை என்று 2009-இல் வெளியிட்டனர். தரிசிலும் கழிவு நிலத்திலும் அந்த மரம் நிமிர்ந்து நிற்பதற்கு இப்புரதங்கள் எவ்வளவு காரணம் என்பது தனிக் கேள்வி. சோதனைக் குழாயில் காணும் பிணைப்புத் திறனிலிருந்து முழு மரத்தின் தாங்குதிறனுக்கு நேர்வழி கிடையாது.

வேறு சில பிணைப்புப் புரதங்கள்

பட்டியல் இவ்விரண்டோடு முடியவில்லை. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் டிஃபென்சின் குடும்பப் புரதம் ஒன்று அராபிடாப்சிஸ் ஹாலெரியில் துத்தநாகத் தாங்குதிறனோடு தொடர்புள்ளது என்று 2006-இல் தெரிந்தது. நெல்லில் கேல்-1 என்ற டிஃபென்சின் போன்ற புரதம் காட்மியத்தைப் பிடித்துச் செல்லுக்கு வெளியே தள்ளுகிறது. அது சைலம் வழியே ஏறி வைக்கோலில் சேர்கிறது, தானியத்தில் அல்ல என்று 2018-இல் சீன ஆய்வாளர்கள் எழுதினர். செம்பைக் கைமாற்றிச் சேர்க்கும் துணைப் புரதங்களும் உண்டு.

மரபணு மாற்ற முயற்சிகள்

பிணைக்கும் பொருளைக் கூட்டினால் தாங்குதிறன் கூடும் என்பது எளிய எதிர்பார்ப்பு. 1989-இல் மனித மெட்டலோதயோனின் மரபணுவைப் புகையிலையிலும் கடுகினத்துச் செடியிலும் செலுத்தியபோது நாற்றுகள் கூடுதல் காட்மியத்தைத் தாங்கின. அதே வகை முயற்சிகள் வயலுக்குச் சென்றபோது இலையில் சேரும் காட்மியத்தில் ஏற்பட்ட மாற்றம் சிறிதாகவே இருந்தது. குளுட்டாதயோன் உற்பத்தியைக் கூட்டிய கடுகுச் செடி, 1999-இல் வெளியான ஆய்வில் காட்மியத்தை அதிகம் தாங்கவும் சேர்க்கவும் செய்தது. இதுவரையான முயற்சிகளில் நம்பிக்கை தரும் ஒன்று இது.

எதிர்பாராத முடிவு 2003-இல் வந்தது. பைட்டோகெலேட்டின் நொதியை மிகையாக இயங்கச் செய்த அராபிடாப்சிஸ், காட்மியத்தைத் தாங்குவதற்குப் பதிலாக முன்னிலும் எளிதில் பாதிக்கப்பட்டது. அதே மாதிரிச் செடி ஆர்செனிக்கை மட்டும் நன்றாகத் தாங்கியது என்று 2004-இல் இன்னொரு குழு கண்டது. நொதி குளுட்டாதயோனைத் தீர்த்துவிட்டதால் ஆக்சிஜனேற்றத்திலிருந்து செல்லைக் காக்கும் கையிருப்பு போனது என்பது ஒரு விளக்கம். ஆனால் ஆர்செனிக்கில் அதே இழப்பு ஏன் கேடு செய்யவில்லை என்பதை அந்த விளக்கம் சொல்வதில்லை. வாக்குவோலுக்குள் தள்ளும் வேகம் பின்தங்கிவிட்டது என்பது இன்னொன்று. 2010-க்குப் பின் கிடைத்த கடத்திச் சான்றுகளோடு சேர்த்துப் பார்த்தால் இரண்டாவதே கூடுதல் எடையுடையதாகத் தோன்றுகிறது.

உலோகம் மண்டிய நிலத்தைச் செடி வைத்துத் தூய்மை செய்யும் திட்டங்களுக்கும் இங்கே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பைட்டோகெலேட்டினைக் கூட்டுவது பல வேளைகளில் காட்மியத்தை வேரிலேயே நிறுத்துகிறது. அறுத்து அகற்றவேண்டியதோ தண்டும் இலையும். மேலும் எல்லா உலோகமும் இப்பெப்டைடுகளுக்கு வசப்படுவதில்லை. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் பகுதிகளில் பிரச்சினையாக இருக்கும் குரோமியத்துக்கு எதிராகப் பைட்டோகெலேட்டின் முதன்மைக் காவலாக இருப்பதற்கு உறுதியான சான்று இல்லை. காட்மியத்தில் கற்றதைக் குரோமியத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு.

நெல்: கேள்வி கடுமையாகும் இடம்

செடியின் நலம் வேறு, அதை உண்பவரின் நலம் வேறு. இந்த வேறுபாடு நெல்லில்தான் கூர்மையாகிறது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் சுரங்கக் காட்மியம் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்புகள் நொறுங்கும் இட்டாய்-இட்டாய் நோய் வந்தது. 1968-இல் அந்நாட்டு அரசு அதைச் சூழல் மாசால் வந்த நோயாக ஏற்றது. அந்த வயல்களின் நெல் பட்டுப்போகவில்லை, விளைந்தது. தாங்கும் பயிரே இங்கு ஆபத்து. தீட்டிய அரிசியில் காட்மியம் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமையும், கரிமமற்ற ஆர்செனிக் 0.2 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது என்பது இன்றைய பன்னாட்டு உணவுத் தர வரம்பு. வங்காளப் படுகையில் நிலத்தடி நீரின் ஆர்செனிக் நெல்லுக்குள் வருவது இரண்டாவது வரம்பின் அவசரத்தை உணர்த்துகிறது.

நெல்லில் பைட்டோகெலேட்டின் ஒரே பக்கம் நிற்பதில்லை. அதன் நொதிகளுள் ஒன்றை இழந்த நெற்பயிரின் தானியத்தில் ஆர்செனிக் கூடியது, காட்மியமோ குறைந்தது என்று 2017-இல் உராகுச்சி முதலியோர் காட்டினர். ஆர்செனிக்கைப் பைட்டோகெலேட்டின் கட்டிக் கணுக்களின் வாக்குவோல்களில் பூட்டுகிறது. இதற்கு வேண்டிய கடத்தியை 2014-இல் கொரிய, ஜப்பானிய ஆய்வாளர்கள் நெல்லில் அடையாளம் கண்டிருந்தனர். அக்கடத்தி முடங்கினால் ஆர்செனிக் தானியத்துக்குப் பாய்கிறது. காட்மியத்தை அதே பெப்டைடு ஃபுளோயத்தில் நகர்த்த உதவுவதாகத் தெரிகிறது. ஆகவே இதைக் கூட்டுவதா குறைப்பதா என்ற கேள்விக்கு, எந்த வயல், அதில் எந்த உலோகம் என்று தெரியாமல் விடை கூற முடியாது.

காட்மியத்தைப் பொறுத்தவரை, பிணைப்புப் பொருளைவிடக் கடத்திகளே பயிர்ப்பெருக்கத்துக்குக் கைகொடுத்திருக்கின்றன. வேரின் வாக்குவோலில் காட்மியத்தைப் பூட்டும் எச்.எம்.ஏ-3 கடத்தி, அஞ்சனா தான் என்ற இண்டிகா நெல் வகையில் செயலிழந்திருப்பதையும், அதனாலேயே அதன் தானியத்தில் காட்மியம் மிகுவதையும் 2010-இல் ஜப்பானிய ஆய்வு வெளிப்படுத்தியது. காட்மியமும் மாங்கனீசும் நுழையும் என்.ராம்ப்-5 வாசலை முடக்கிய கோஷிஹிகாரி நெல்லில் காட்மியம் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. மாங்கனீசும் குறைந்தது என்பதையும் மறக்கலாகாது; நீர் தேங்கிய வயலில் மாங்கனீசு தாராளமாகக் கரைந்திருப்பதால் விளைச்சல் பெரிதும் பாதிக்கப்படவில்லை.

இன்னும் தீராதவை

பைட்டோகெலேட்டின் நொதி எதற்காகத் தோன்றியது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. காட்மியம் இயற்கை மண்ணில் அரிது. அப்படியிருந்தும் பாசிகள் முதல் பூக்கும் தாவரங்கள் வரை ஏறத்தாழ எல்லாவற்றிலும் இந்நொதி இருக்கிறது. துத்தநாகச் சமநிலைக்காக இருந்தது பின்னர் காட்மியத்துக்கும் பயன்பட்டது என்பது ஒரு கருத்து. அயல் நச்சுப் பொருள்களோடு சேர்ந்த குளுட்டாதயோனைச் சிதைப்பது இதன் பழைய வேலை என்பது இன்னொன்று. பூஞ்சைத் தாக்குதலின்போது செல்சுவரைத் தடிப்பிக்கவும் இப்புரதம் வேண்டும், அதற்குப் பைட்டோகெலேட்டின் உருவாக்கும் திறன் தேவையில்லை என்ற அண்மைச் சான்று மூன்றாவது வாய்ப்பைத் திறந்திருக்கிறது. அமைப்பில் இந்நொதி புரதம் வெட்டும் பாப்பைன் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் இரண்டாவது கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல.

மெட்டலோதயோனின் ஒரு செல்லுக்குள் உலோகத்தை யாரிடமிருந்து வாங்கி யாரிடம் கொடுக்கிறது என்பது நேரில் பார்க்கப்படவில்லை. உயிருள்ள திசுவில், உடைக்காமல், அதன் எத்தனை சிஸ்டீன்களில் எந்த உலோகம் இருக்கிறது என்று அளக்கும் முறை வந்தால்தான் இது தெளியும். ஆய்வுக்கூடச் சோதனைகளில் பல, வயல் மண்ணின் கரைசலில் காணப்படுவதைவிடப் பல மடங்கு காட்மியத்தைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்துச் செய்யப்பட்டவை. குறைந்த அளவை ஒரு முழுப் பருவத்துக்குப் பெறும் செடியில் இதே புரதங்கள் இதே வரிசையில் இயங்குகின்றனவா என்பதற்குத் தரவு குறைவு. நெல்லைப் பொறுத்தவரை, ஆர்செனிக்கைக் கணுவில் நிறுத்திக்கொண்டே காட்மியத்தையும் தானியத்துக்கு வெளியே வைக்கும் வகையை, பிணைப்பு நொதியை மாற்றாமல் கடத்திகளை மட்டும் இணைத்து உருவாக்க முடியுமா என்பது நீண்ட கால வயல் சோதனைகள் பதில் சொல்லவேண்டிய வினா. காட்மியம் தவிர்க்க நிலத்தை நீர் தேக்கி வைப்பது ஆர்செனிக்கைக் கரைத்துவிடுகிறது. ஆர்செனிக் தவிர்க்க நீரை வடிப்பது காட்மியத்தை விடுவிக்கிறது. இரண்டும் கலந்த வயல்களில் உழவர் செய்யக்கூடிய நீர் மேலாண்மைக்கு எல்லை இருப்பதால், மிச்சத்தைப் பயிரின் மரபணுக்களே செய்யவேண்டியிருக்கும்.